முழிப்பு மாத்திரை

கண்ணாடி என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது ஒரு கல்யாண மண்டபத்தில், கை கழுவும் குழாயடியில். "நம்ம கண்ணாடி இன்னும் வரலையா?" என்று ஒருத்தி கேட்டாள். "டூட்டி முடிச்சு நேரா வந்துடுவா" என்றாள் இன்னொருத்தி. மூக்கில் கண்ணாடி போட்ட பெண் யாரோ வரப்போகிறாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால், காக்கிச் சட்டையோடு, சட்டைப் பையில் பேனாவும் சீப்புமாக ஒரு ஒல்லிப் பெண் வந்து நின்றாள். முகத்தில் கண்ணாடியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பார்வை மட்டும் நிலையாக நிற்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே இடப்பக்கம் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு பார்வை. பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பாமலே தெரிந்துகொண்டு ஒதுங்கி வழிவிட்டாள்.

அப்புறம்தான் விவரம் தெரிந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா மகள் அவள். அரசாங்க பஸ் ஓட்டுகிறாள். பயிற்சிக்குப் போன காலத்தில், சீட்டில் ஏறி உட்கார்ந்தால் மூன்று கண்ணாடிகளையும் தன் உயரத்துக்குத் திருப்பி வைத்துக்கொள்ளாமல் சாவியைத் தொடமாட்டாளாம். "வண்டி ஓட்ட வந்தியா, அலங்காரம் பண்ணிக்க வந்தியா?" என்று வாத்தியார் கேட்டிருக்கிறார். கூட இருந்த ஆம்பளைகள் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் டெஸ்டில் பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்து, மறுபடி டெஸ்டுக்கு நின்றார்கள். இவள் முதல் தடவையே தேறினாள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் அதுவே ஆகிவிட்டது. கட்டிக்கொண்டவர்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

கட்டிக்கொண்டவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். அவருடைய தம்பி பள்ளிக்கூட வேன். மாமனார் உயிரோடு இருந்தவரைக்கும் ஆம்புலன்ஸ். அந்த வீட்டில் ஸ்டியரிங் பிடிக்காத ஆள் நாத்தனார் ஒருத்திதான். அவளும் முன்னறையில் போட்டிருக்கும் தையல் மெஷினை மிதிக்கிற வேகத்தைப் பார்த்தால், லைசென்ஸ் கேட்கத் தோன்றும். புருஷனை இழந்து தம்பிகள் வீட்டோடு வந்தவள். வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட நீளம். யார் வீட்டில் என்ன கஷ்டம் என்றாலும் முதலில் போய் நிற்கிறவள் அவள்தான்.

வண்டி ஓட்டுகிறவர்கள் வீட்டுக்கென்று ஒரு சட்டம் உண்டு. அந்த வீட்டில் அது மருந்து விஷயத்தில் இருந்தது. மாமனாரின் அண்ணன் ஒரு காலத்தில் இருமலுக்கு ஏதோ சிரப்பைக் குடித்துவிட்டு லாரி எடுத்தார். கண்ணை மூடித் திறப்பதற்குள் லாரி ஒரு குளத்துக்குள் நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, இருமலும் அந்தக் குளிரில் பயந்து போய்விட்டது என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அன்றிலிருந்து, எந்த மருந்தைக் கொண்டுவந்தாலும் அந்த வீட்டில் ஒரே கேள்விதான். "தூக்கம் வருமா?" வரும் என்றால் அது கெட்ட மருந்து. வராது என்றால் நல்ல மருந்து. அதற்கு மேல் ஆராய்ச்சி கிடையாது.

டிப்போவிலும் இதே கதைதான். டைம் கீப்பர் மேஜையில் பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் தலைவலித் தைலம், பஞ்சு, சளி மாத்திரை அட்டைகள். தூக்கம் வராத சளி மாத்திரை என்பதால் அதற்கு டிரைவர்கள் வைத்த பெயர் முழிப்பு மாத்திரை. மழைக்காலம் வந்தால் டீ குடிக்கிற மாதிரி அதைப் போட்டுக்கொள்வார்கள். டைம் கீப்பரே ஆளைப் பார்த்து, "மூக்கு ஒழுகுதா? ஒண்ணு போட்டுட்டு ஏறு" என்று நீட்டுவார். மூக்கு அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் கோத்துக்கொண்டு யாரும் வண்டி எடுக்கக் கூடாது என்பது அவருடைய கவலை. நியாயமான கவலைதான்.

கண்ணாடிக்கு முதல் பிள்ளை நாள் நிறையாமல் பிறந்தது. பெண் குழந்தை. உள்ளங்கையில் வைத்தால் கைக்கு வெளியே கொஞ்சம்தான் நீட்டிக்கொண்டிருக்கும். நாத்தனார் பார்த்துவிட்டு, "என்னடி இது, கடுகு மாதிரி இருக்கு" என்றாள். அன்றிலிருந்து கடுகு. ஆஸ்பத்திரியில் டின் பால் கொடுத்துப் பார்த்தார்கள். குடித்ததெல்லாம் வெளியே வந்தது, உடம்பெல்லாம் தடித்தது. தாய்ப்பால் மட்டும்தான் வயிற்றில் தங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் கண்ணாடியைத் தனியாகக் கூப்பிட்டு, கண்ட கண்ட இருமல் சிரப்பைக் குடித்துவிடாதே, சிலதில் இருக்கிற மயக்க மருந்து பாலோடு போய்க் குழந்தையைச் சுருட்டிப் போட்டுவிடும், மூச்சு விடுவதையே மறக்கடிக்கும், இது வேறு சின்னக் குழந்தை என்று எச்சரித்து அனுப்பினாள். கண்ணாடி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது வீட்டில் இரண்டு பேச்சு இருந்தது. புருஷன் தடுக்கவில்லை. நாத்தனார்தான், "பிள்ளையை நான் பாத்துக்குவேன். பாலுக்கு என்ன பண்ணுவே?" என்று கேட்டாள். கண்ணாடி வழி கண்டுபிடித்திருந்தாள். டிப்போவில் பெண்கள் உடை மாற்றும் அறை ஒன்று உண்டு. உடைந்த சீட்டுகளும் பழைய டயரும் போட்டு வைத்த அறை. ஒவ்வொரு நடை முடிந்ததும் அங்கே போய்ப் பாலைக் கறந்து பாட்டிலில் ஊற்றி, ஐஸ் போட்ட டப்பாவில் வைப்பாள். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அவளோடு அதே பஸ்ஸில் போகும் கண்டக்டர் அக்கா, கதவை அடைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நிற்பாள். அந்த முதுகைத் தாண்டி எறும்புகூடப் போக முடியாது. யாராவது வந்து, "உள்ள என்ன?" என்று கேட்டால், "என்ஜின் சூடாயிருக்கு, ஆறட்டும்" என்பாள்.

சாயங்காலம் பாட்டில்கள் வீட்டுக்கு வரும். மறுநாள் பகலெல்லாம் நாத்தனார் அதைக் கிண்ணத்தில் ஊற்றிச் சின்னக் கரண்டியால் புகட்டுவாள். கடுகு கன்னம் வைக்கத் தொடங்கியது. தையலுக்குத் துணி கொண்டுவருகிறவர்களிடம், "எங்க வீட்டுப் பால் பஸ்ஸுல வருது" என்று நாத்தனார் பெருமையாகவே சொல்லிக்கொண்டாள்.

அப்புறம் மழை வந்தது. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் அத்தனை பேரும் டிரைவர் பிடரியில்தான் தும்மினார்கள். கண்ணாடிக்குச் சளி பிடித்தது. மூக்கு ஒரு பக்கம் அடைப்பு, ஒரு பக்கம் குழாய். நாத்தனார் பாவம், மனசு கேட்காமல் அலமாரியில் தம்பி குடித்து மிச்சம் வைத்திருந்த இருமல் சிரப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடி தொடவில்லை.

"வேணாம் அண்ணி. இது தூக்கம் வர்ற மருந்து. கடுகுக்கு ஆகாது."

"உனக்கு எல்லாம் தெரியும்" என்று நாத்தனார் அதைத் திரும்ப உள்ளே வைத்தாள். ஆனால் உள்ளூர அவளுக்கும் திருப்திதான்.

மறுநாள் டிப்போவில் டைம் கீப்பர் டின்னைத் திறந்து நீட்டினார். கண்ணாடி ஒரு கணம் யோசித்தாள். தூக்கம் வராத மாத்திரை. பஸ்ஸுக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது. இதைவிடப் பத்திரமான மருந்து உண்டா? வாங்கிப் போட்டுக்கொண்டாள். மூக்கு கப்பென்று காய்ந்தது. தெளிவாக வண்டி ஓட்டினாள். சாயங்காலம் திரும்ப ஒழுகியது, இன்னொன்று போட்டாள். சளி போகிற வழியாக இல்லை, மழையும் போகிற வழியாக இல்லை. ஒரு அட்டையை வாங்கிச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டாள், பேனாவுக்கும் சீப்புக்கும் நடுவே.

அந்த வாரத்திலேயே பாட்டில் நிறைவது நின்றது. முதலில் கழுத்துக்குக் கீழே, அப்புறம் பாதி, அப்புறம் அடியில் கொஞ்சம். உடை மாற்றும் அறையில் உடைந்த சீட்டில் உட்கார்ந்து, நெஞ்சு வலிக்கிற மட்டும் அழுத்திப் பார்ப்பாள். கண்டக்டர் அக்கா வெளியே இருந்து, "என்ன, இன்னைக்கு லேட்டு?" என்று கேட்பாள்.

வீட்டில் கடுகு ஓயாமல் அழுதது. பசி அழுகை ஒன்று. அது போக, குடித்த பின்னாலும் கண்ணை மூடவில்லை. கையைக் காலை உதைத்துக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு கிடந்தது. "இவளும் டிரைவருக்குப் படிக்கிறாளா என்ன? ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல" என்றாள் நாத்தனார். சொல்லிச் சிரித்தாளே தவிர, அந்தப் பேச்சுக்குள்ளேயே விஷயம் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியவில்லை, கேட்டவர்களுக்கும் தெரியவில்லை.

பால் குறைந்ததற்குக் காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. என்ஜின் சூடு நெஞ்சில் அடிக்கிறது என்றார் கொழுந்தன். கிளட்சை மிதித்து மிதித்து இடுப்பு இறுகிவிட்டது என்றாள் துணி தைக்க வந்தவள். ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்றார்கள், தண்ணீர் குடிப்பதில்லை என்றார்கள். கண்ணாடி செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு, அடுத்த ஸ்டாப்பில் எங்கே ஒதுங்குவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். எல்லாக் காரணமும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் அந்த டிரைவர் சீட்டில் வந்துதான் உட்கார்ந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அவள் வந்து பாட்டிலை வைத்ததும், நாத்தனார் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மெஷினை நிறுத்தினாள்.

"இது பூனைக்குக் காணாது. பிள்ளை வேணுமா, பஸ் வேணுமா, நீயே முடிவு பண்ணிக்கோ."

கண்ணாடி புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். "கொஞ்ச நாளைக்கு வீட்டுல இரேன், கண்ணாடி. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நல்ல மனுஷன், அதட்டத் தெரியாது. அந்த மெதுவான குரல்தான் அவளுக்கு அதிகமாக வலித்தது. கொஞ்ச நாள் என்று சொல்லி இறங்கின சீட்டில் திரும்ப ஏறின பெண்களை அவள் அதிகம் பார்த்ததில்லை.

அவள் சண்டை போடவில்லை. கடுகை மடியில் போட்டுக்கொண்டு அதன் தொடையைப் பிடித்துப் பார்த்தாள். போன வாரம் இருந்த சதை இல்லை. சீட்டுதான் பிள்ளையைத் தின்கிறது என்றால் சீட்டு வேண்டாம் என்று அவளே மனசுக்குள் முடிவுக்கு வந்துவிட்டாள். மறுநாள் காலையில் குழந்தையை எடை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போவது, அங்கிருந்து அப்படியே டிப்போவுக்குப் போய் மேனேஜரிடம் சொல்லிவிடுவது. காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டேதான் கிளம்பினாள். கடைசித் தடவை என்று நினைத்துப் பட்டனைப் போட்டாளாம்.

நாத்தனாரும் கூடவே வந்தாள். குழந்தை டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். நிதானமாகப் பேசுகிறவள். கடுகைத் தராசில் வைத்தாள். எடை கூடவில்லை, இறங்கியிருந்தது. டாக்டர் ஒன்றொன்றாகக் கேட்டாள். எத்தனை தடவை புகட்டுகிறாய், ஒன்றுக்கு எத்தனை தடவை போகிறது, உனக்குக் காய்ச்சல் உண்டா, ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா?

"மருந்தா? ஒண்ணும் இல்லம்மா" என்றாள் கண்ணாடி.

"சிரப்பு குடுத்தேன், அதையும் வேணாம்னுட்டா" என்று நாத்தனார் சாட்சி சொன்னாள்.

பொய் சொல்லவில்லை இரண்டு பேரும். அந்த வீட்டுக் கணக்கில் மருந்து என்றால் தூக்கம் வருவது. தூக்கம் வராத டீ, தைலம், முழிப்பு மாத்திரை எல்லாம் ஒரே வகை. யாராவது டாக்டரிடம் போய் டீ குடித்தேன் என்று சொல்வார்களா?

டாக்டர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எதையோ யோசித்தாள். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்கு வரிசையாக நாலைந்து தும்மல். குழந்தை மேல் படாமல் முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டாள். அப்புறம் பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?" என்று கேட்டாள்.

டாக்டர் தண்ணீர் கொடுக்கவில்லை. கையை நீட்டினாள்.

"அது என்ன?"

"இது மருந்து இல்ல டாக்டர். சும்மா மூக்குக்கு. தூக்கமே வராது. டிப்போவுல எல்லாரும் போடுவாங்க."

"எத்தனை நாளா போடுறீங்க?"

"மழை தொடங்கினதுலேருந்து."

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மூக்கடைப்பைக் காயவைக்கிற சரக்கு இதில் இருக்கிறது, அது மூக்கை மட்டும் காயவைத்துவிட்டு நிற்பதில்லை, பல பெண்களுக்குப் பாலையும் சேர்த்துக் குறைத்துவிடும் என்று விளக்கினாள். கொஞ்சம் பாலோடும் போகும். சில குழந்தைகள் அதனால் தூங்காமல், நை நையென்று அழும்.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அதான் கண்ணையே மூடலையா?"

கண்ணாடி கேட்டது வேறு கேள்வி.

"அப்ப, சீட்டு ஒண்ணும் பண்ணலையா டாக்டர்?"

"சீட்டா? எந்தச் சீட்டு?"

"டிரைவர் சீட்டு. நான் பஸ் ஓட்டுறேன்."

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கவும் இல்லை. "சீட்டு ஒரு தப்பும் பண்ணலம்மா. நீங்களும் பண்ணல. சிரப்பு வேணாம்னு சொன்னீங்களே, அது ரொம்பச் சரி. தூக்கம் வர்றது குழந்தைக்கு ஆகாது. ஆனா தூக்கம் வராததெல்லாம் ஆகும்னு அர்த்தம் இல்ல" என்றாள்.

சீட்டும் தப்புப் பண்ணவில்லை, தானும் பண்ணவில்லை என்று கேட்ட பிறகுதான் கண்ணாடிக்கு அழுகை வந்தது. அதுவரை மடியில் அழுதுகொண்டு கிடந்த கடுகு அம்மா முகத்தைப் பார்த்து அழுகையை நிறுத்திவிட்டது.

அதற்கப்புறம் டாக்டர் சொன்னதெல்லாம் எளிய வழிதான். மாத்திரையை இன்றோடு விடு. மூக்குக்கு வெறும் உப்புத் தண்ணீர்ச் சொட்டு போதும், ஆவி பிடி, சூடாக ஏதாவது குடி. தொண்டை கரகரத்தால் நீ தேன் சாப்பிடலாம், குழந்தை வாயில் மட்டும் தடவிவிடாதே, ஒரு வயசு ஆகும்வரை தேன் ஆகாது. உடம்பு வலி, காய்ச்சல் என்றால் காய்ச்சலுக்கு மட்டும் இருக்கிற வெறும் மாத்திரை, நான் எழுதித் தருவதைப் போடலாம். ஒரே மாத்திரைக்குள் நாலு மருந்து அடைத்ததை வாங்காதே. எந்தக் கடையில் எதை வாங்கினாலும், பால் கொடுக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லி வாங்கு. சளி என்பதற்காகப் பாலை நிறுத்தாதே. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு கொடு. பால் திரும்ப வர, குழந்தையை அடிக்கடி நெஞ்சில் போடு. வரும் என்றுதான் நினைக்கிறேன். எவ்வளவு வரும் என்று சத்தியம் பண்ண முடியாது. எடையை நான் விடாமல் பார்த்துக்கொண்டே இருப்பேன், தேவைப்பட்டால் இந்தக் குழந்தைக்கு ஒத்துக்கொள்கிற வேறு பால் தருகிறேன்.

கண்ணாடி அங்கிருந்து டிப்போவுக்குப் போனாள். வேலையை விடுகிறேன் என்று சொல்லவில்லை. கொஞ்ச நாள் லீவு வேண்டும், அப்புறம் என் பஸ் எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

அந்த லீவு முழுக்கக் கடுகு அவள் நெஞ்சிலேயே கிடந்தது. மூக்கு ஒழுகியது ஒழுகியபடி இருந்தது. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து, கொள்ளைக்காரி மாதிரி இருக்கிறாய் என்றார் புருஷன். முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. கடுகு கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டு அழும். டாக்டர் கொடுத்த வேறு பாலையும் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அது தங்கியதே பெரிய விஷயம். தூக்கம்தான் முதலில் திரும்பியது. ஒரு மத்தியானம் நாத்தனாரின் மெஷின் சத்தத்துக்கு நடுவிலேயே கடுகு அசந்து தூங்கிவிட்டது. நாத்தனார் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஊசி பாதித் துணியில் நிற்க, அந்தப் பிள்ளை எழுந்திருக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாளாம். அன்று தைத்துக் கொடுக்க வேண்டிய சட்டைக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள்.

பால் அதற்குப் பின்னால், கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பாட்டில் கழுத்துவரை நிறைந்த அந்தப் பழைய அளவு கடைசிவரை வரவில்லை. போதுகிற அளவு வந்தது. கடுகின் தொடையில் சதை ஏறியது.

பஸ்ஸா பிள்ளையா என்று கேட்டதற்கு நாத்தனார் வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவள் சுபாவத்தில் கிடையாது. கண்ணாடி வேலைக்குத் திரும்பும் நாள் காலையில், காக்கிச் சட்டை கொடியில் இல்லை. தேடினால் மெஷினில் இருந்தது. சட்டையின் இரண்டு பக்கமும் மடிப்புக்குள் வெளியே தெரியாமல் திறப்பு வைத்துத் தைத்திருந்தாள். பட்டனைக் கழற்றாமலே பாலைக் கறந்துகொள்ளலாம்.

"பாத்துப் போடு. சைடு மெரர் மாதிரி ரெண்டு பக்கமும் வச்சிருக்கேன்" என்றாள்.

"போங்க அண்ணி" என்று கண்ணாடி சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

டிப்போவில் விஷயத்தைக் கண்டக்டர் அக்கா ஏற்கெனவே ஊதிவிட்டிருந்தாள். டைம் கீப்பர் மனசு ஒடிந்து போயிருந்தார். நான்தானே நீட்டினேன் என்று அவர் சொல்ல, நீங்கள் மூக்குக்குத்தானே நீட்டினீர்கள் என்று கண்ணாடி தேற்றினாள். அதற்கப்புறம் அந்த டின்னைத் திறக்கும்போது அவர் கேள்வியைக் கூட்டிக்கொண்டார். தூக்கம் வருமா என்பதோடு, வீட்டில் பால் குடிக்கிற பிள்ளை உண்டா என்றும் கேட்பார். ஆள் பார்த்துக் கேட்கத் தெரியாது அவருக்கு. முறுக்கு மீசை வைத்த மூத்த டிரைவரிடமும் அதைக் கேட்டார். "இருக்கு, ஆனா அது என்கிட்ட குடிக்கல" என்று மீசைக்காரர் சொன்னதில் டிப்போ முழுக்கச் சிரித்தது. சிரித்துவிட்டு, வீட்டில் மனைவிக்கு என்று அட்டை எடுத்துப் போகிறவர்கள் அதைத் திரும்ப டின்னில் போட்டுவிட்டு, மருந்துக்கடையில் சொல்லிக் கேட்டு வாங்கப் பழகினார்கள்.

உடை மாற்றும் அறைக்கு ஒரு தாழ்ப்பாளும் வந்தது. அது வந்த பிறகும் கண்டக்டர் அக்கா முதுகைக் காட்டி நிற்பதை விடவில்லை.

கடுகு இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், சித்தப்பாவின் வேனில் முன்சீட்டில். கண்ணாடி அதே டிப்போவில், அதே பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.